உப்புப் பார்க்க ஒரு நாக்கு

என் அப்பா ஒரு பட்டாளத்துக்கே சமைத்தவர். சமைத்ததை ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை. குவைத்தில், ஃபர்வானியாவின் மூன்றாவது மாடியில் நாங்கள் உண்ட சோறு, பாலைவனத்துக்குள் கூடாரம் போட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் மாட்டிறைச்சியிலிருந்து வந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. கேம்ப் மெஸ்ஸில் அவர் சாலட் செக்‌ஷனில் இருக்கிறார், வெள்ளரிக்காய் நறுக்குகிறார் என்று நம்பியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும் என்பதில் பத்து வயதில் எத்தனை கர்வம்.

அவர் ருசி பார்ப்பதில்லை என்பது கேம்ப் அடுப்பங்கரையில் இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது. அப்பாவின் கீழே வேலை பார்த்த சிட்டகாங் பாய். அப்பா கிளறுவார், பாய் கரண்டியை நக்கிப் பார்த்து ‘அச்சா’ என்பார், அது ஐந்நூறு தட்டுகளுக்குப் போகும். ருசி பார்க்காத குக் என்பது மேனேஜர் காதுக்கு எட்டினால் விசா கேன்சல். கேன்சல் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. மேல் மாடியில் என் வகுப்புத் தோழி இருந்தாள். ஒரு வாரத்தில் இல்லாமல் போனாள். அவளுடைய சைக்கிள் மாடிப்படியில் சாய்ந்தபடியே தூசி மூடிக் கிடந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பாய் லீவில் ஊருக்குப் போனார். அந்த வாரம் பார்த்துத்தான் அந்த ஆர்டர் வந்தது.

கேம்ப்பில் தலை நரைத்த சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். அவருடைய ஆட்கள் வடக்கே எல்லையைத் தாண்டிச் சண்டைக்குப் போகவிருந்தார்கள். போகிற அன்று காலையில் அவர்களுக்குப் பழைய பட்டாளச் சாப்பாடு வேண்டுமாம்: டோஸ்ட் ரொட்டியின் மேல் மாட்டிறைச்சி போட்ட வெள்ளைக் குழம்பு. அவருடைய தாத்தா வேறொரு சண்டையில் சாப்பிட்டது, அவருடைய அப்பா இன்னொன்றில். அதற்குப் பட்டாளத்தில் ஒரு கெட்ட வார்த்தைப் பெயர் உண்டாம். என் அப்பா அதை என்னிடம் சொன்னதேயில்லை. வழக்கமாகக் கொத்துக்கறியில் செய்வதுதான். இந்தமுறை, பழையபடியே இருக்க வேண்டுமென்று, காகிதம்போலச் சீவிக் காயவைத்த இறைச்சி கண்ணாடிக் குப்பிகளில் வந்து இறங்கியது.

முந்தைய நாள் மாலை நான்கு மணி. அம்மா தையல் கடையில். அப்பா பையிலிருந்து அந்த இறைச்சியில் கொஞ்சம் இருந்த சின்ன டிபன் பாக்ஸை எடுத்தார். தோசைக்கல்லில் ரொட்டியை வாட்டினார். பாலும் மைதாவும் மிளகுமாய் வெள்ளைக் குழம்பு, அதில் செம்பழுப்புச் சருகுகள். பிறகு அவர் செய்ததைத்தான் நான் மறக்கவில்லை. எழுந்து போய் சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினார்.

“பாப்பா, உப்பு மட்டும் பாத்துச் சொல்லு. பாய் இல்ல. வேற யாரையும் கேக்க முடியாது.”

“அம்மா?”

“அம்மாகிட்ட அப்பா சொல்லிக்கிறேன்.”

சொல்ல மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். தட்டை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உண்பதை அவரால் பார்க்க முடியவில்லை. சாமியும் பார்க்கக் கூடாது, அப்பாவும் பார்க்கக் கூடாது என்றால், இது யாருக்காவது பெரிய பாவமாக இருக்க வேண்டும்; அது எனக்குத்தான். ஸ்பூனை உதடுவரை கொண்டுபோய், தட்டில் தட்டி ஓசை செய்து, வெறும் வாயை மென்றேன்.

“உப்பு?”

“சரியா இருக்குப்பா.”

“நெசமா?”

“ம்.”

அவர் தோள்கள் இறங்கின. அத்தனை பெரிய பாரத்தை நான் இறக்கி வைத்திருந்தேன். மிச்சத்தைக் கொட்டிவிட்டு அவர் குளிக்கப் போனதும், என்ன தோன்றியதோ, ஸ்பூன் நுனியை நாக்கில் தொட்டேன்.

கடல். உவர்க் கடல். அந்த இறைச்சி உப்பில் ஊறியே காய்ந்தது. வெந்நீரில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும். நாக்கில் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா அலசவில்லை, மேலும் குழம்புக்கு உண்டான உப்பைக் கைப்பழக்கத்தில் அள்ளிப் போட்டிருந்தார்.

குளியலறைக் கதவருகே நின்றேன். உப்பு அதிகம் என்ற இரண்டு வார்த்தைதான். அதைச் சொன்னால் முதலில் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. அம்மா வந்துவிட்டாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் அப்பாவை அள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது. நான் மனதுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்: எதை எடுத்துப் போவது, எதைப் படியில் விடுவது.

நான்கு மணிக்கு அப்பா வந்தார். செருப்பைக் கழற்றவே நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

“ஒரு தட்டுல கூட மிச்சம் இல்ல பாப்பா.”

என்னால் நம்ப முடியவில்லை. அந்த சார்ஜன்ட் முதல் வாயிலேயே கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். ‘இதே உப்பு, என் தாத்தா திட்டித் திட்டித் தின்ற அதே உப்பு’ என்றாராம். பையன்கள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கினார்களாம்.

“மீசைகூட ஒழுங்கா மொளைக்கல பாப்பா, ஒவ்வொருத்தனுக்கும். அந்தப் பெரியவர் என்னைப் பக்கத்துல உக்காரச் சொன்னாரு. ஒரு தட்ட என் பக்கமாத் தள்ளி வச்சாரு.”

“உக்காந்தீங்களா?”

அப்பா தண்ணீர் கேட்டார்.

சில வாரங்களில் வண்டிகள் திரும்பின. அவற்றில் அந்தப் பெரியவர் இல்லை. அந்தக் கூடாரத்துக்கு எடுத்துவைக்கும் தட்டுகள் குறைந்தன என்று மட்டும் அப்பா சொன்னார். என்னை அவர் மறுபடி எதையும் ருசி பார்க்கச் சொல்லவில்லை.

ஆனால் அப்பா தண்ணீர் கேட்ட அந்த மாலை, வேலை தப்பியது என்பதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அம்மா வந்து, சாமி அலமாரித் திரையை விலக்கி, “வந்து வெளக்க ஏத்துங்களேன்” என்றாள்.

“நீயே ஏத்து” என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான்காவது தம்ளரையும் ஒரே மடக்கில் குடித்து முடித்திருந்தார்.

“வெளிய ரொம்ப வெயிலாப்பா?” என்று கேட்டேன்.

“ஆமா பாப்பா. செம வெயில்.”

நான் ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, இன்னொரு தம்ளர் கொண்டுவரப் போனேன்.