கிரேன்காரரின் இளஞ்சிவப்புப் பட்டை

படித்து முடித்துத் துறைமுக அலுவலகத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில்தான் மலையண்ணனைப் பார்த்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்த எனக்கே அவர் நடை கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. கதவை அடைக்கும் உடம்பு. தோளில் கோல்ஃப் பை. அதிலிருந்த அயர்ன் மட்டைகள் ஒவ்வொன்றின் ஷாஃப்ட்டிலும், அதாவது தண்டிலும், பிடிக்குக் கீழே இளஞ்சிவப்புப் பட்டை. அதன்மேல் 'லேடீஸ்' என்ற எழுத்து. கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த பயிற்சித் திடலே சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அவசரத்துல அண்ணி பைய தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"உங்க அண்ணிக்கு இதெல்லாம் வெட்டியா வெயில்ல நடக்கற வேலை. இது என் பைதான். தள்ளி நின்னு ஏன் பாக்கற? கிட்ட வந்து நல்லாப் பாரு."

அவர் கிரேன் ஓட்டுபவர். மேகத்துக்குப் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்து கன்டெய்னர்களைக் கப்பலிலிருந்து லாரிக்கு இறக்குவது வேலை. அங்கே அவசரம் ஆகாது. லீவரை வெடுக்கென்று இழுத்தால் சரக்கு ஊஞ்சலாடும். கீழே நிற்பவன் உயிர் ஊஞ்சலாடும். பல வருடம் அப்படியே பழகிய கை, கோல்ஃப் மட்டையையும் அப்படித்தான் தூக்கியது, அப்படித்தான் இறக்கியது. நிதானமாக, குலுங்காமல்.

அவருடைய பழைய மட்டைகளைத் தேர்ந்தெடுத்தது மச்சான். மனைவியின் அண்ணன், துறைமுகத்தில் மேற்பார்வையாளர், கிழக்குத்துறை கோல்ஃப் அணிக்குத் தலைவரும்கூட. "இந்த உடம்புக்கு வளையாத இரும்பு ஷாஃப்ட்தான் சரி. மத்ததெல்லாம் உன் கையில ஈர்க்குச்சி" என்று கடையில் புஜத்தைப் பிடித்துப் பார்த்தே முடிவு கட்டிவிட்டார். மட்டையை வீசும் ஸ்விங்கை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பந்து புல்லை மேய்ந்தபடி வலப்பக்கம் ஓடியது. உள்ளங்கையில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தது. வேகமாக அடி, வேகமாக அடி என்று ஆளாளுக்கு உபதேசம். ஒருநாள் அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். பந்து நின்ற இடத்திலேயே நின்றது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

மேற்குத்துறையோடு வருடாவருடம் நடக்கும் பந்தயத்தில் கிழக்குத்துறைக்காக ஒருமுறை ஆட வேண்டும். அவர் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. அதற்காகவே இன்னொரு கடைக்குத் தனியாகப் போனார்.

அங்கிருந்த பெண் உடம்பைப் பார்க்கவில்லை. ஏழாம் நம்பர் அயர்னைக் கொடுத்து அடிக்கச் சொல்லி, வீச்சின் வேகத்தைக் காட்டும் திரையைப் பார்த்தாள். அந்த மட்டையின் தலையிலேயே ஒன்றைவிட ஒன்று இலேசான ஷாஃப்ட்டாக மாட்டிக் கொடுத்தாள். கடைசியாக ஒன்றை, பட்டையை விரலால் மறைத்தபடி நீட்டினாள். அடித்தார். கையில் வலியே இல்லை. பந்து கிளம்பி, நேரே ஏறி, அவசரமில்லாமல் இறங்கியது.

"இது என்னம்மா ரகம்?"

"லேடீஸ் ஷாஃப்ட் சார். மெதுவா வீசறவங்களுக்கு வளைஞ்சு குடுக்கும். உங்க உயரத்துக்கு நீளம் வச்சுத் தரேன். பட்டைய சுரண்டிடட்டுமா? நெறைய ஆம்பளைங்க அப்படித்தான் வாங்கிட்டுப் போவாங்க."

"நெறைய பேரா?" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னோடத சுரண்டாத. இத்தன நாள் அடுத்தவன் சொன்னத ஒத்துக்கிட்டுத்தான் இடுப்பு போச்சு."

அந்த மட்டைகளோடு நன்றாக ஆடியதால் அணியில் பெயர் வந்தது. பந்தயத்துக்கு முந்தைய மாலை மச்சான் வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, பட்டை மேல இத ஒட்டிடு. மேற்குத்துறைக்காரன் பாத்தான்னா நாம எல்லாரும் தலையில துண்ட போட்டுக்கணும்."

"ஒட்ட மாட்டேன் மச்சான்."

"ஒரு நாளைக்குத்தானேப்பா! நாளைக்கு ஆடிட்டு பிச்சு எறி."

"ஒரு நாளும் ஒட்ட மாட்டேன். நான் எங்க திருடிட்டு வந்தேன், மறைக்கறதுக்கு?"

"அப்ப பேர எடுத்துடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

எத்தனை வருட ஆசை! மலையண்ணன் டேப்பைப் பார்த்தார். கைக்கு எட்டும் தூரம்தான்.

"பேர எடுத்துடுங்க" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "அண்ணே, டேப்ப வீணாக்காதீங்க. உங்க வாய்க்கு சரியா இருக்கும்." மச்சான் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

காலையில் மைதானத்தில் இரண்டு அணிகளும் கூடியபோது, முதல் குழிக்குப் பந்தடிக்கும் இடத்தில் மலையண்ணன் நின்றிருந்தார். பொது மைதானம், காசு கட்டியவன் ஆடலாம். பந்தயத்துக்கு முந்தைய நேரத்தைத் தனக்கென்று பதிந்திருந்தார். நடுவில் குளம், அக்கரையில் குழி. ஏழாம் நம்பரை உருவினார். மேற்குத்துறை ஆட்கள் பட்டையைக் காட்டிக் கிசுகிசுத்தார்கள். அவர் மட்டையைத் தூக்கினார். தூக்கிக்கொண்டே இருந்தார்.

"தூங்கிட்டாருப்பா!" என்று ஒரு குரல்.

மட்டை இறங்கியது. பந்து குளத்தின் மேலே நிதானமாகப் போய் அக்கரைப் புல்லில் உட்கார்ந்தது. சிரிப்பு நின்றது. அக்கரைக்குப் போய், காலால் தள்ளினாலே குழியில் விழும் பந்தை இரண்டுமுறை தவறவிட்டபோது சிரிப்பு மறுபடி கிளம்பியது. அவர் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த குழிக்கு நடந்தார்.

அந்த வருடம் கிழக்குத்துறை தோற்றது. அடுத்த வருடம் மச்சான் மறுபடி அணிக்கு அழைத்தார், அதே டேப் நிபந்தனையோடு. இவரும் அதே பதிலைச் சொன்னார்.

இப்போதும் அவர் கிரேன்தான் ஓட்டுகிறார். அணியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மனைவி நிழலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க, தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார்.