இருபதிலேயே நின்ற எண்

ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில், தோல் சீவும் இயந்திரங்களுக்கான கத்திகளைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தும் பட்டறையில் நான் தரப் பரிசோதகராக இருந்தேன். சூட்டில் இருக்கும் எஃகைக் காற்று தொட்டால் கறுத்துவிடும். அதனால் ஃபர்னஸிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு நைட்ரஜன் நிரப்புவோம். உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்பதை வெளியே ஒரு மீட்டர் காட்டும். பத்து லட்சத்தில் இருபது பங்கு என்றால் தைரியமாகச் சூடேற்றலாம்.

ஃபர்னஸை ஓட்டியவர் திமிரி ஊர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு வந்தார்.

“மேடம், மீட்டர் மேல டவுட்டா இருக்குது. கதவு ரப்பர் கிழிஞ்சி காத்து உள்ள போவுது, ஆனா நம்பர் ஏறவே மாட்டேங்குது. இருபதுலயே நிக்குது.”

“போன வாரம்தான் டெஸ்ட் பண்ணேன். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

நான் டெஸ்ட் செய்திருக்கவில்லை. ஆடிட்டுக்கு ஆள் வருகிற அவசரத்தில், சோதித்துவிட்டதாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அன்றைய கத்திகள் அத்தனையும் கறுத்து வெளியே வந்தன. மேலாளர் டீ நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டார். ஃபர்னஸ்காரரை நடுவில் நிறுத்தி, கையில் ஒரு கத்தியையும் உப்புத்தாளையும் கொடுத்தார்.

“வெள்ளையாவுற வரைக்கும் தேய்யா.”

அவர் தேய்த்தார். அது தேய்த்தால் போகிற கறுப்பு அல்ல என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கை கிழிந்து கத்தியில் ரத்தம் வழிந்தது. யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“மீட்டர்தான் சார் கோளாறு. மேடம்கிட்ட காலையிலயே சொன்னேன்.”

மேலாளர் என் பக்கம் திரும்பினார். “சொன்னாராம்மா?”

“இல்ல சார்.”

ஃபர்னஸ்காரர் என்னைப் பார்க்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார். மறுநாள் முதல் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து மீட்டரின் குழாயைக் கழற்றித் திறந்த காற்றில் பிடித்தேன். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்; எண் எகிறியிருக்க வேண்டும். இருபதிலேயே நின்றது. மேலாளரிடம் சொன்னேன்.

“விடும்மா, அந்தாளுதான் போய்ட்டான்ல. புதுசு மாத்திடு.”

மாற்றினேன்.

பல மாதங்களுக்குப் பிறகு, கத்தி பற்றிய புகாரைப் பார்க்க ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்புக்குப் போனேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோல் இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவரேதான். வணக்கம் வைத்தார்.

“அந்த மீட்டர் இன்னா ஆச்சு மேடம்?”

பக்கத்தில் யாரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

“அது நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு உங்க மேலதான்.”



“வீட்லயும் அதான் சொல்றாங்க” என்றவர், குனிந்து அடுத்த தோலை இழுத்தார்.