கசில்தா வீட்டுப் புது ஜன்னல்

அந்த வீட்டில் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. அக்டோபரில் நோரீன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே வீட்டுக்காரி கசில்தா அதைச் சொல்லிவிட்டாள்.

நோரீனுக்கு நாற்பத்தொன்பது வயது. கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மூச்சை எண்ணுவது எல்லாம் கைப்பழக்கம். முதுகு போனதும் வேலையை விட்டாள். ஸ்பெயின் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசிப் பழக்க வெளிநாட்டு ஆட்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டாள். கிடைத்த ஊர் பெனால்மிரா. சுற்றிலும் ஆலிவ் தோப்பு, ஒரு நாளைக்கு ஒரே பஸ்.

பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியை விசி முதல் வாரமே எச்சரித்தாள்.

"இந்த ஊர்ல அறை விடறது கசில்தாவும் அவங்க தம்பியும்தான். போன வருஷம் வந்த பொண்ணு அவங்க கணப்பைப் பத்தி நாலு வார்த்தை பேசினா. அந்த வாரமே பெட்டியைக் கட்ட வெச்சுட்டாங்க. அறை போச்சுன்னா வேலையும் போச்சு, பாத்துக்கோ."

நோரீன் வாயை மூடிக்கொண்டாள். கனடாவில் அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். திரும்பினால் தங்கை வீட்டு ஹால் சோபாதான். இங்கே ஜனவரிக்குள் ரொட்டிக் கடைக்காரி அவள் கேட்காமலே பாதி ரொட்டியை எடுத்து வைக்கும் அளவுக்கு வந்திருந்தது. அதை விட அவளுக்கு மனமில்லை.

கணப்பு என்றால் பித்தளைச் சட்டி நிறையக் கரி. கசில்தாவின் தம்பி எவுதிமியோ, எழுபது வயதுப் பிரம்மச்சாரி, ஆலிவ் கிளைகளை வெட்டித் தானே எரித்து, தண்ணீர் தெளித்து, மூட்டை கட்டிக் கொண்டுவருகிற கரி. காலையில் முற்றத்தில் மூட்டி, புகை அடங்கியதும் உள்ளே தூக்கி வந்து வட்ட மேசைக்கு அடியில் வைப்பான். மேசையைச் சுற்றித் தரை வரை கனத்த துணி தொங்கும். துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே கோடைக்காலம். சட்டியைச் சின்னக் கரண்டியால் கிளறுவதற்கு அந்த ஊரில் 'கையெழுத்துப் போடுவது' என்று பேர். எவுதிமியோவைத் தவிர வேறு யாரும் போடக் கூடாது.

கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைத்தால் மணமே இல்லாத விஷக்காற்று சேரும் என்று நோரீனுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டு மர ஜன்னல்கள் எல்லாம் ஓட்டை. விரல் நுழைகிற சந்துகள் வழியே காற்று விசிலடித்துக்கொண்டு வந்துபோகும். நாலு தலைமுறை அந்தக் கணப்பின் முன்னால் பிழைத்திருந்தது அந்தச் சந்துகளால்தான். அது அவளுக்குப் புரிந்தது. அவர்களுக்குப் புரியவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம், வியாழக்கிழமை, எவுதிமியோ அக்காவின் மூட்டுவலிக்காக வீடு முழுக்க அலுமினிய ஜன்னல் மாட்டினான். இரட்டைக் கண்ணாடி, ஓரமெல்லாம் ரப்பர்.

"இனிமே ஒரு ஈ மூச்சுகூட உள்ள வராது!" என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினான்.

வெள்ளிக்கிழமை வீட்டுப் பூனை மேசைத் துணிக்கு அடியில் படுக்க மறுத்தது. சனிக்கிழமை கசில்தாவுக்குத் தலைவலி. நோரீனுக்கும்தான். தெருவில் இறங்கி நாலு எட்டு நடந்ததும் அவளுக்கு விட்டுப்போயிற்று. கோளாறு வீட்டுக் காற்றில்தான்.

ஞாயிறு மதியம், கொண்டைக்கடலையும் இறைச்சியும் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்க. கரிக்காத்து உள்ளயே நிக்குது."

எவுதிமியோ கரண்டியைக் கீழே வைத்தான். "எங்கம்மா அறுபது வருஷம் இதே கணப்புக்கு முன்னாடி உக்காந்திருந்தா. தொண்ணூத்து நாலு வயசுல படியில விழுந்து செத்தா. படிக்கட்டையும் இடிச்சுடலாமா?"

"அப்ப ஜன்னல் ஓட்டையா இருந்துச்சுண்ணே. அக்காவுக்கு ரெண்டு நாளா தலைவலி."

"அது பிரஷர்டி பொண்ணே," என்றாள் கசில்தா. குரலில் சூடு ஏறியிருந்தது. "உங்க ஊருப் பனியில நிக்கிறவளுக்கு இங்க மட்டும் என்ன பயம்? ஒரு பேச்சு சொல்லிடறேன். என் வீட்டுக் கணப்பு பிடிக்கலேன்னா வேற வீடு பாத்துக்கோ."

நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு விசியைப் பார்க்கக் காப்பிக் கடைக்குப் போனாள். பின்னால் எவுதிமியோ கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விடும் சத்தம் கேட்டது. தினமும் அப்படித்தான். இருவரும் இனி மேசையிலேயே சாய்ந்து இரண்டு மணி நேரம் தூங்குவார்கள்.

காப்பி ஆறியது. விசி ஏதோ கேட்டாள், நோரீன் காதில் விழவில்லை. மதியம் கசில்தா உப்புக் கிண்ணத்தை எடுக்கப்போய் இரண்டு தடவை தவறவிட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. எழுந்து ஓடினாள்.

வாசல் பூட்டில் அவள் சாவி நுழையவில்லை, உள்ளே அவர்கள் சாவி. கதவை அடித்தாள். திரும்பப் போன் அடித்தாள். உள்ளே மணி அடிப்பது தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பிலோமேனா தலையை நீட்டினாள்.

"என்னடி கூத்து? ஞாயித்துக்கிழமை மனுஷங்களைத் தூங்க விடமாட்டியா?"

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கக்கா! கரிக்காத்து!"

"உனக்குக் கிறுக்கா?"

நோரீன் பின் சந்துக்கு ஓடினாள். முற்றத்துப் படலைத் தள்ளித் திறந்தாள். சமையலறைக் கதவும் தாழ் போட்டிருந்தது. பக்கத்தில் புது ஜன்னல், மேலே ஒட்டிய தாள்கூட இன்னும் கிழிக்கவில்லை. இருவரும் வெறுமனே அசந்து தூங்கிக்கொண்டிருந்தால்? மாட்டி நாலு நாள்கூட ஆகாத ஜன்னலை உடைத்த வெளிநாட்டுக்காரிக்கு இந்த ஊரில் எந்தக் கதவு திறக்கும்? சுவரோரம் மண்வெட்டி சாய்ந்திருந்தது. எடுத்து அடித்தாள். வெளிக் கண்ணாடி நொறுங்கியது, உள்கண்ணாடி நின்றது. இன்னொரு அடி. கையை விட்டுக் கதவின் தாழை நீக்கினாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கசில்தா மேசைமேல் கவிழ்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, பார்க்க நல்ல ஆரோக்கியம் போல. அந்தச் சிவப்பு கரிக்காற்றின் விஷத்தால் என்று நோரீனுக்குத் தெரியும். மேசைத் துணியை உருவித் தரையில் விரித்து, அவளை அதன்மேல் சரித்து இழுத்தாள். முதுகு கத்தியது. முற்றத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைப் பார்த்தாள். இருந்தது. மறுபடி உள்ளே போய் வாசல் கதவைத் திறந்தாள். பிலோமேனா செருப்பில்லாமல் வாசலில் நின்றிருந்தாள்.

"சொல்லிட்டேன்டி, வண்டி வருது! நான் என்ன பண்ணட்டும்?"

"காலைப் பிடிங்க!"

எவுதிமியோ கனம். இருவரும் சேர்ந்துதான் இழுத்தார்கள். ஆம்புலன்ஸ் முப்பத்தைந்து நிமிஷம் கழித்து வந்தது. அதுவரை நோரீன் இரண்டு பேருக்கும் நடுவில் மண்டியிட்டு மூச்சை எண்ணினாள், சத்தமாக, ஆங்கிலத்தில். கசில்தா வாந்தி எடுத்ததும் வாயைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து எண்ணினாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்தார்கள். ரொட்டிக் கடையில் ஆளுக்கொரு பேச்சு. காப்பாற்றினாள் என்றார்கள் சிலர். கனடாக்காரி ஜன்னலை உடைத்தாள் என்றுதான் பலர் ஆரம்பித்தார்கள். வேறு வீடு பார் என்ற வார்த்தை சொன்னது சொன்னபடி நின்றது. புதன்கிழமை நோரீன் பெட்டியைக் கட்டி நடையில் வைத்தாள்.

மாலையில் இருவரும் வந்து இறங்கினார்கள். எவுதிமியோ நேராகச் சமையலறைக்குப் போய் அட்டை ஒட்டிய ஜன்னல் முன்னால் நின்றான்.

"ஒரே அடியா?"

"ரெண்டுண்ணே."

"அப்ப கண்ணாடி நல்ல கண்ணாடிதான்," என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பித்தளைச் சட்டியைத் தூக்கிப் போய் முற்றத்து மூலையில் கவிழ்த்தான். கரண்டி மட்டும் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

கசில்தா நடையில் பெட்டியைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"நீங்க வேற வீடு பாக்கச் சொன்னீங்களேக்கா."

கசில்தா வாசலுக்குத் திரும்பினாள். வாசல் கதவுப் பூட்டிலிருந்த சாவியை உருவினாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காலண்டரைக் கழற்றி எறிந்து அந்த ஆணியில் சாவியை மாட்டினாள்.

"இனிமே இது இங்கதான் தொங்கும். உன் சாவியைத் தொலைச்சுடாத."

நோரீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். அறைக்குள் போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள்.

"மேல ஜன்னலைச் சாத்துடி!" கீழேயிருந்து கசில்தா கத்தினாள். "அதான் கணப்பு இல்லையே, இன்னும் என்ன? குளிர்ல சாகவா?"

நோரீன் ஒரு விரல் சந்து விட்டுச் சாத்தினாள்.