மில் பூட்டிய வருஷத்து மாங்காய்

என் வீட்டுக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். முதலமடையிலிருந்து காலை ரயிலில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். எழுபதுகளின் நடுவில், மின்வெட்டும் பஞ்சு விலையும் சேர்ந்து மில்களைப் பாடாய்ப் படுத்திய சமயம் அது. ஆவணியில் ஒரு நாள் பதினோரு மணிக்கே அவர் வாசலில் வந்து நின்றார். கையில் சோத்துத் தூக்கு திறக்காமல் இருந்தது.

"கேட்டைப் பூட்டிப்போட்டாங்க புள்ள. நோட்டீஸ் ஒட்டியிருக்குது."

"எப்பத் தொறப்பாங்களாமுங்க?"

"அது நோட்டீஸ்ல இல்லை."

தூக்கை வாங்கித் திறந்து, அந்தச் சோற்றை இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வேலை நாளன்று நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பெரியவளுக்கு எட்டு, சின்னவளுக்கு ஆறு.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி இருந்தது. மழை பெய்தால் கடலைக்காய், பெய்யாவிட்டால் வெறும் மண். அந்த வருஷம் மண்தான். கறவை மாட்டுப் பாலை முழுக்க சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு நாங்கள் வரக்காப்பி குடித்தோம். ரேஷன் அரிசியோடு மரவள்ளிக் கிழங்கும் சேர்ந்துகொண்டது.

அவருக்குக் கை சும்மா இருக்காது. முதல் வாரம் கிணற்று உருளையைக் கழற்றி எண்ணெய் போட்டார். இரண்டாவது வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். பிரித்துப் பூட்டிய பிறகு ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முந்தி ஓடியது. பிள்ளைகள் அதை நம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். பிரிக்க வேறு எதுவும் இல்லாமல் போனபோது, பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலை பின்னத் தொடங்கினார். நூல் மில் கை. ஒரு முடி வெளியே வராது. நெற்றித் தோல் மேலே இழுபட்டு, நாள் முழுக்க எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டதுபோல் இரண்டு பெண்களும் ஊரில் திரிந்தார்கள்.

தை பிறந்ததும் என் அண்ணன் வந்தார். நாலு மைல் தள்ளி அவருக்கு மாந்தோப்பு இருந்தது. எங்கள் பக்கம் அப்போதுதான் ஒவ்வொருவராக மா வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"காய் பிரிச்சுக் கூடையில அடுக்க ஆளு வேணும் அம்மிணி. வெளியாளைப் போடறதுக்கு நீயே வாயேன்," என்றார்.

தோப்புக்குப் பஸ் கிடையாது. தினமும் போக வர எட்டு மைல் நடக்க வேண்டும். கூரைக்கு அடியில் என் வீட்டுக்காரரின் சைக்கிள் ஐந்து மாதமாகச் சாய்ந்து கிடந்தது. அண்ணன் போன பிறகு அதைப் பார்த்தபடியே கேட்டேன்.

"எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"பொம்பளைங்க சைக்கிள் ஓட்டற ஊரா இது?"

"மில்லைப் பூட்டிப்போட்டு ஆம்பளைங்க ஊட்டுல உக்கார்ற ஊராவும் இது இருந்ததில்லீங்க."

சொன்ன பிறகுதான் சுரீரென்றது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார், சைக்கிளையும் தள்ளிக்கொண்டு. கோபத்தில் விற்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது சைக்கிளின் நடுக்கம்பி அங்கே இல்லை. லாரிப் பட்டறையில் அதை அறுத்தெடுத்து, சேலை கட்டிக்கொண்டு ஏறுவதற்குத் தோதாகக் கீழே சாய்த்துப் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார். சீட்டையும் இறக்கியிருந்தார்.

"நாளைக்கு வெடியால குளத்துக்கு வா," என்றார்.

விடிந்ததும் போனோம். குளத்தில் தண்ணீர் கிடையாது. வெடித்த வண்டல் மண்ணில் அவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருவார். "கீழ பாக்காத, எதுக்கால பாரு," என்பதுதான் அவர் சொன்ன ஒரே பாடம். ஐந்தாம் நாள் குளத்தைப் பாதி சுற்றியபோது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அவர் எப்போதோ கையை விட்டுவிட்டுத் தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு நிறுத்தத் தெரியாது. இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கரை மண்ணில் போய் முட்டி நின்றேன்.

யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதிவிடுகிறேன். வீட்டில் வருமானம் இல்லை, பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லை, நாளைக்கு என்ன என்று தெரியாது. ஆனாலும் அந்த நாட்களில் நான் விடிவதற்கு முன்னாலேயே விழித்துவிடுவேன். எழுந்திருக்க ஆசையாக இருக்கும். தோப்புப் பாதையில் இறக்கத்தில் மிதிக்காமல் விடும்போது, காது இரண்டிலும் காற்று இரையும்போது, வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். வேலை போன வீட்டுப் பெண் இப்படிச் சிரிக்கலாமா என்று நினைப்பேன். அடுத்த இறக்கம் வந்துவிடும்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் நெல்லியாம்பதி மலைப்பக்கம் கறுத்தது. அண்ணனின் தோப்புக் கொட்டகையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் காய் அடுக்கிக்கொண்டிருந்தோம். மழை அதிகமில்லை, காற்றுதான். அரை மணி நேரம் கொட்டகைக் கூரையை நாங்கள் உள்ளேயிருந்து பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். வெளியே பொத் பொத்தென்று கல் விழுவதுபோல் ஓயாமல் சத்தம். நின்றதும் வெளியே வந்தால் மண்ணே தெரியவில்லை. கால் வைக்க இடமில்லாமல் பச்சைக் காய்.

காய் பேசிவைத்திருந்த வியாபாரி வந்து, குனியாமலே காலால் ஒரு காயைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடிபட்ட காய் பழுக்காது, லாரியில் ஏற்றினால் மற்றதையும் அழுக வைக்கும். அண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் குழி தோண்டித்தான் போடோணும்."

"எனக்குக் குடுத்துருங்கண்ணா," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது.

"உனக்கு எதுக்கு?"

"வத்தல் போடறதுக்கு."

"இத்தனையுமா?" என்று அந்த நிலையிலும் சிரித்தார். "வண்டி கட்டியனுப்பறேன், கொண்டு போ."

நாலு மைலும் நான் எப்படி மிதித்தேன் என்று தெரியாது. ஓடையில் ஒரு தடவை விழுந்தேன். வீட்டில் அவர் சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நாலு வண்டி மாங்கா வருது."

"எங்க?"

"நம்மூட்டுக்கு."

அவர் என் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எத்தனை நாள்ல அழுகும்?"

"மூணு நாளு தாங்கும்."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் அரிவாள்மனையோடு வந்தார்கள். கூலிக்குப் பதில் வத்தலில் பங்கு என்று பேச்சு. மத்தியானம் வரை அறுத்தும் அரை வண்டி தாண்டவில்லை. எல்லோர் விரலிலும் மாங்காய்ப் பால் பட்டு எரிந்தது. அவர் ஒரு காயை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று காணாமல் போனார். திரும்பி வரும்போது பட்டறையிலிருந்து பழைய லாரி இரும்புப் பட்டை இரண்டும் ஒரு வில்கம்பியும் கொண்டுவந்தார். அடித்து, தேய்த்து, சாணை பிடித்து, வண்டிப் பலகை ஒன்றில் பொருத்தினார். நான் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது என் சைக்கிளில் சங்கிலி இல்லை.

"என்ற சைக்கிளுங்க."

"மாங்கா முடியட்டும், திருப்பிப் போட்டுத்தர்றேன்."

மேலே கத்தி, கீழே மிதிகட்டை, நடுவில் சங்கிலி. காயை வைத்து ஒரு மிதி மிதித்தால் சடக்கென்று இரண்டு கத்தியும் சேர்ந்து இறங்கும். கால் எடுத்ததும் வில்கம்பி தூக்கிவிடும். முதல் காயை அவர் அறுத்துக் காட்டினார். இரண்டாவது காய்க்கு அக்கா அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே மிதித்தாள்.

"மில்லுக்காரருக்கு வாசல்லயே மில்லு வந்துருச்சு," என்றாள்.

அதன் பிறகு யாரையும் அங்கிருந்து எழுப்ப முடியவில்லை. முறை போட்டு மிதித்தோம். என் பெண்கள் இருவரும் உப்புப் புரட்டினார்கள். அறுத்ததை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாறையில் பரப்பினோம். நல்ல வெயில், பாறை சுட்டது. இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் நாலு வண்டியும் முடிந்தது. தெருவே புளித்த வாசனை அடித்தது.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு மறுபடியும் மலைப்பக்கம் கறுத்தது. பாதி காய்ந்த வத்தலில் தண்ணீர் பட்டால் பூசணம் பூத்துவிடும், அத்தனையும் போய்விடும். நான் கத்திய கத்தலில் தெருவே பாறைக்கு ஓடிவந்தது. கூடை, முறம், போர்வை, கட்டிய சேலையின் முந்தானை, எது கிடைத்ததோ அதில் அள்ளினோம். எங்கள் வீட்டின் ஒன்றரை அறையும் வத்தலால் நிறைந்தது. கடைசிக் கூடை உள்ளே போனதும் மழை கொட்டியது. உள்ளே கால் வைக்க இடமில்லாததால் நாங்கள் நாலு பேரும் தாழ்வாரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றோம். சாரல் முழுக்க எங்கள் மேல். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மில் பூட்டிய பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு எட்டு நாள் நல்ல வெயில். வத்தல் சுருண்டு பழுப்பாகி, கையில் எடுத்தால் கலகலத்தது. அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் பங்கு போக, பதினோரு மூட்டை எங்களுக்கு நின்றது.

ஒரு மூட்டையைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் வேலந்தாவளம் சந்தைக்குப் போனோம். மாட்டுச் சந்தை நாள். எங்கு பார்த்தாலும் மாடு, புழுதி, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள். நான் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவர் பத்தடி தள்ளி, எனக்குச் சம்பந்தமில்லாதவர்போல் ஒரு வண்டியில் சாய்ந்து நின்றார். ஒரு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. மாடு வாங்க வந்தவனுக்கு வத்தல் எதற்கு? கடைசியில் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் நின்றார். ஒரு துண்டை எடுத்து முகர்ந்து, "வத்தல் நம்ம கடையிலயே கெடக்குதுங்க," என்று கீழே போடப் போனார்.

அப்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, இன்னொரு நாலு துண்டு எடுத்துப் பாருங்க. எல்லாம் ஒரே கனம். கையில அறுத்தது ஒண்ணு தடிமனா ஒண்ணு மெலிசா இருக்கும், தடிமன் உள்ளுக்குள்ள ஈரம் நிக்கும். இதுல ஈரமே நிக்காதுங்க."

வியாபாரி நாலு துண்டை வரிசையாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒன்றை ஒடித்தார். சட்டென்று ஒடிந்தது.

"எந்த மிஷின்ல அறுத்தது?"

"நாஞ் செஞ்சதுங்க."

"எத்தனை மூட்டை இருக்குது?"

பதினோரு மூட்டைக்கும் விலை நான்தான் பேசினேன். அவர் வாயைத் திறந்தால் முதல் விலைக்கே சரியென்று சொல்லிவிடுவார். பேசி முடிந்ததும் வியாபாரி பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்.

"மூட்டை மேல அடையாளம் போடோணும். ஆரு பேருங்க?"

என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார். "இவ பேருங்க," என்றார் அவர். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என் பெயர் சட்டென்று வரவில்லை. பிறகு சொன்னேன். பச்சை பெயிண்டில், கொஞ்சம் எழுத்துப் பிழையோடு, சாக்கில் எழுதினார்கள். பஸ்ஸில் திரும்பினோம். ஆளுக்கொரு கடலை மிட்டாய் தின்றோம், பிள்ளைகளுக்கு நாலு கட்டிக்கொண்டோம்.

ஆடியில் மில்லிலிருந்து கடிதம் வந்தது. திறக்கிறார்கள், பழைய ஆட்கள் எல்லோரும் வரலாம். அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அதற்காக வெட்கப்பட்டேன். அவர் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"போகட்டுமா?" என்று மூன்றாம் நாள் என்னைக் கேட்டார். அதற்கு முன்னால் எதற்கும் என்னை அப்படிக் கேட்டவரில்லை.

"போங்க. ஆனா பங்குனியில லீவு போட்டு வந்தரோணும். கத்தி சாணை பிடிக்க எனக்குத் தெரியாது."

"பத்து நாள் போதுமா?"

"பதினஞ்சு."

போனார். மில் மறுபடி ஓடியது, நடுவில் இரண்டு தடவை நின்றும் ஓடியது. நின்றபோது எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. தையிலேயே தெருப் பெண்கள் எப்போது அறுப்பு என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பங்குனியில் சொன்னபடி அவர் பதினைந்து நாள் லீவு போட்டு வந்து, இரண்டாவதாக ஒரு மிஷினும் செய்து வைத்தார். அந்த வருஷம் காற்று அடிக்கவேயில்லை. அண்ணனின் தோப்பில் காய்களை நாங்கள் மரத்திலிருந்து பறித்துத்தான் அறுத்தோம்.