கொலுப்படிக்குப் பின்னால்

கொலுப்படிக்குப் பின்னால் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் நுழைந்திருக்கிறேன். முன்பக்கம் அப்பாவின் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் தசாவதாரம், மரப்பாச்சி, செட்டியார் பொம்மை என்று வரிசையாக ஜொலிக்கும். பின்பக்கம், படிக்கு முட்டுக்கொடுத்த டிரங்குப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில், மடிக்காத துணி, பழைய பேப்பர், ஓடாத மிக்ஸி, அண்ணனின் கிரிக்கெட் மட்டை என்று எங்கள் வீட்டின் மற்ற எல்லாமும் கிடக்கும். அது அம்மாவின் ஏற்பாடு. சாமிக்குப் பின்னால் இதையெல்லாம் வைக்கலாமா என்று அப்பா ஒருமுறை கேட்டுவிட்டார். "தொவைச்ச துணிதான வச்சிருக்கேன், தீட்டா என்ன? அம்பாளுக்கும் வீடு வாசல் உண்டு, அவளுக்குப் புரியும்," என்றாள் அம்மா.

அம்மா சோம்பேறி இல்லை. அதை யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஹைதராபாத்தில் மௌலா அலி பக்கம் இரண்டே அறை உள்ள குவார்ட்டர்ஸ், ஆடி ஓடித் திரியும் இரண்டு பிள்ளைகள், மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அவர் பகலெல்லாம் தூங்குவார்; பாத்திரம் உருண்டாலே எழுந்துவிடுவார். எந்த நேரத்தில்தான் அவள் பீரோவைத் திறந்து அடுக்குவாள்? ஆனால் ஊரிலிருந்து வந்த அத்தைக்கு இதெல்லாம் தெரியவேண்டிய அவசியம் இல்லையே. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வந்து தங்கிவிட்டு, பாளையங்கோட்டை திரும்பியதும் அத்தை தெரு முழுக்கச் சொன்னாளாம்: "தம்பி பொண்டாட்டி வீட்ல உக்காரணும்னா மொதல்ல நாம துணிய மடிக்கணும்." அந்தப் பேச்சு எப்படியோ ஹைதராபாத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அன்று பிடித்தது அம்மாவுக்கு அந்தப் பயம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துப்போகும். "எட்டி, யாரோ வாராவ. அள்ளுட்டி, அள்ளு!" என்பாள். கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு நாங்கள் உள் அறைக்கு ஓடுவோம். கதவைச் சாத்திய பிறகுதான் அம்மாவின் முகத்தில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

நவராத்திரியில் உள் அறையை நம்ப முடியாது. கொலு பார்க்க வருகிற பெண்கள் வீட்டையும் சேர்த்துத்தானே பார்ப்பார்கள்? அதனால்தான் படிக்குப் பின்னால் அந்த இடுக்கு. ஒரு வருஷம் பேப்பர்க் கட்டோடு அப்பாவின் கேட் பாஸையும் சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டாள். பாஸ் இல்லாமல் தொழிற்சாலைக் கேட்டில் ஒரு ஈ கூட உள்ளே போகமுடியாது. செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற அப்பா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். திடீரென்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். படியைக் கலைக்கலாம் என்றால், கலசம் வைத்தாயிற்று; விஜயதசமி முடியாமல் நகர்த்தக்கூடாது. வீட்டிலேயே ஒல்லி நான்தான். ஆகவே டார்ச்சைக் கையில் கொடுத்து என்னைப் பக்கவாட்டில் நுழையவிட்டார்கள்.

பாஸ் கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தில் நான் அவசரமாகப் பின்வாங்கியதுதான் வினை. பாவாடை எதிலோ மாட்ட, துணிமூட்டை, பேப்பர், மட்டை, மிக்ஸி எல்லாம் என் பின்னாலேயே சரிந்து கூடத்துக்கு வந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து, குங்குமம் வாங்க வந்த காலனிப் பெண்கள் நாலைந்து பேர் வாசற்படியில் நின்றிருந்தார்கள். அவர்களில் எதிர்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியும் இருந்தார். அவர் வீடு எப்போதும் பளிச்சென்று இருக்கும்; அம்மா ஏக்கத்தோடு பேசுகிற வீடு அது. அப்பா பாஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார், புண்ணியவான். அம்மா குங்குமச் சிமிழோடு அப்படியே நின்றாள். ஊர் பார்க்கக்கூடாது என்று இத்தனை வருஷம் மூடி வைத்தது ஊர் பார்க்கக் கூடத்தில் கிடந்தது.

ஆன்ட்டி கொஞ்ச நேரம் அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "ரா வதினா, மா இல்லு சூடு," என்று, வா அண்ணி, என் வீட்டை வந்து பார் என்று, தரதரவென இழுத்துப்போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். தன் படுக்கையறையைத் தாண்டி, திரைச்சீலையை விலக்கி, பால்கனிக் கதவைத் திறந்தார். ஐயோ, அதை என்னவென்று சொல்வது! ஒரு கட்டில், அது கண்ணுக்கே தெரியாமல் துணி. துணிக்கு மேல் பிள்ளைகளின் புத்தகப்பை, அதற்கும் மேல் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றல். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆன்ட்டியும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். திரும்பி வரும்போது அம்மா என் காதில், "எட்டி, அவ வீட்டுக் குமியல் நம்மத விடப் பெருசுட்டி!" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. அதோடு பயம் போய்விட்டதா என்று கேட்டால், எங்கே போக? மறுநாள் காலையிலேயே, "அள்ளுட்டி, அள்ளு!"

இப்போது அப்பா இல்லை. அம்மா என்னோடு இதே ஹைதராபாத்தில், உப்பல் ஃபிளாட்டில் இருக்கிறாள். இந்த வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆனது. முயற்சி செய்தால் நடப்பார் என்றார் டாக்டர். அம்மா முயற்சி செய்யவில்லை. கூடத்தில் போட்ட கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வீடு கிடந்த கிடப்பைச் சொல்லவேண்டாம்: சோபாவில் துணி, டீப்பாயில் மாத்திரை, நாற்காலி முதுகில் ஈரத்துண்டு. அக்கம்பக்கத்தார் வந்தார்கள், சொந்தக்காரர்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பேசிப் போனார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலைகூட இல்லாத அம்மா எனக்கு யாரோபோல் இருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

பிசியோதெரபி செய்ய ஹப்சிகுடாவிலிருந்து ஒரு பெண் வருவாள். தினமும் சிரித்தபடி வந்து, அசையாத அம்மாவோடு மல்லாடிவிட்டுப் போவாள். போன வாரம் ஒருநாள், அவள் வருகிற நேரம். நான் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு குரல், கொஞ்சம் கரகரத்து, ஆனால் நல்ல அதட்டலாக வந்தது.

"எட்டி, அங்க என்னட்டி செய்யுத? அந்தப் பொண்ணு வார நேரமாச்சு. நாற்காலில என்ன துண்டு? வீடா இது? பாக்குறவ என்னத்த நெனப்பா?"

நான் கரண்டியோடு கூடத்துக்கு ஓடி வந்தேன். அம்மா முழங்கையை ஊன்றி, பாதி எழுந்து, நாற்காலித் துண்டை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இரும்மா, இரு, நான் எடுக்கேன்," என்றேன். துண்டு, துணி, மாத்திரை டப்பா, எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு உள் அறைக்கு ஓடினேன். அங்கே நின்று அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்து அழுதேன்.

"கதவச் சாத்துட்டி!" என்றாள் அம்மா.