எங்கே கண்டாலும் ஒரு வேளை

குழந்தை டாக்டர் பக்கத்தில் மருந்துக்கடை போட்டால் காலாட்டிக்கொண்டே சாப்பிடலாம் என்று எனக்கு யோசனை சொன்னவர் என் மச்சான். அவர் பேச்சைக் கேட்டு நானும் போட்டேன். அடுத்த கதவில் டாக்டரம்மாவின் பலகை ஏறியது. அன்றிலிருந்து நான் ஈ ஓட்டிய மாதிரி இந்தத் தெருவில் வேறு யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

காரணம் ரொம்பச் சின்னது. அந்த அம்மா மருந்து எழுத மாட்டார்.

பிள்ளைக்குச் சளி என்று பதறிக்கொண்டு வருவார்கள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார், தொண்டையைப் பார்ப்பார். "மூக்கு ஒழுகுது, அவ்வளவுதான். தன்னால நிக்கும். மூச்சு வாங்கினாலோ பால் குடிக்கலேன்னாலோ அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பசிக்கு டானிக் கேட்கும் அம்மாக்கள் பாடு இன்னும் மோசம். பிள்ளையைத் தராசில் உட்கார வைத்து, எடை அட்டையில் கோடு ஏறியிருப்பதைக் காட்டி, "பிள்ளை ஒல்லியா இல்லம்மா. உங்க கண்ணுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல இருக்கு" என்பார். வந்தவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். என் அலமாரியில் டானிக் பாட்டில்கள் வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. டாக்டரம்மா ஆள் குள்ளம், குரல் மட்டும் இரண்டு ஆள் உயரம். ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை.

அவர் அறையில் டாக்டருக்கென்று நாற்காலி கிடையாது. கவிழ்த்துப் போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் வாளிதான் அவருடைய ஆசனம். அதில் உட்கார்ந்தால் பிள்ளையின் கண்ணும் அவர் கண்ணும் ஒரே உயரத்தில் வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வருகிற பெற்றோர் அத்தனை பேரும் கவிழ்ந்த வாளியைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். "வீட்டுல வாளி எப்படி இருக்கு?" என்று கேட்காமல் ஒருவரையும் விடமாட்டார். ஊர் சும்மா இருக்குமா? வாளி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டது. நாற்காலி வாங்கக்கூட வக்கில்லாத டாக்டர் என்று நான்கூட நாலு பேரிடம் கிண்டலடித்திருக்கிறேன்.

வாளியோடு விட்டால் பரவாயில்லை. மாத்திரையை எந்த உயரத்தில் வைக்கிறீர்கள், மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறீர்களா, காரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டா போகிறீர்கள் என்று குடைந்துகொண்டே இருப்பார். ஜுரத்துக்கு வந்தவர்கள், இது ஆஸ்பத்திரியா போலீஸ் ஸ்டேஷனா என்று என் கடை வாசலில் நின்று முணுமுணுப்பார்கள்.

நிஜப் போலீஸ்காரரையே அவர் விட்டுவைக்கவில்லை. முதல் பிள்ளை தவழ ஆரம்பித்ததும் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். "வீட்டுக்குப் போய் நீங்களும் முட்டி போட்டுத் தவழ்ந்து பாருங்க. பிள்ளை கண்ணுக்கு என்னவெல்லாம் தெரியுதுன்னு அப்பதான் புரியும்" என்று டாக்டரம்மா சொன்னார். மறுநாள் இன்ஸ்பெக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்து பிளாஸ்திரி கேட்டார். கண்ணாடி மேசையின் முனை இடித்துவிட்டதாம். அன்று மாலையே அந்த மேசை மச்சுக்குப் போய்விட்டது. ஆனால் டாக்டரம்மாவிடம் மனுஷர் மூச்சுக்கூட விடவில்லை.

எல்லோரும் அப்படித்தான். உடம்பு சரியானால் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். நடக்காமல் போன ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்?

ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரே என் கடை வாசலுக்கு வந்தார்.

"கடைக்காரரே, நான் கத்துறத யாராவது வீட்டுல போய் செய்யுறாங்களா? உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாங்களே."

"யாரு கேக்குறாங்களோ இல்லையோ, தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இங்கே வருவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தாராம். "அங்க தூக்கிட்டு வருவாங்க. சில பிள்ளைங்களுக்கு என்னால எதுவுமே செய்ய முடியாது. சளி இல்ல, ஜுரம் இல்ல. குளிக்கிற வாளி. அவ்வளவுதான். அதான் இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டேன். அங்க வர்றதுக்கு முன்னாடி புடிச்சிடலாம்னு." டீயை முடிக்காமல் உள்ளே போய்விட்டார். எனக்கு அன்று என்னவோ போலிருந்தது. ஆனால் மறுநாள் டானிக் பாட்டில்களைப் பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது.

அந்த வயிற்றெரிச்சலோடு நான் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் டாக்டரம்மாவின் சீட்டோடு வந்தார். தோளில் பெண் குழந்தை. ஊசி போட்ட வலியில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்த அழுகையில் டாக்டரம்மா சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை போலும். அதனால்தான் அம்மா எழுதியே கொடுத்துவிட்டார். சீட்டைப் பிரித்தேன். கொட்டை எழுத்தில் ஒரே வரி: வாளியைக் கவிழ்த்து வைக்கவும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வந்த முதல் சீட்டு, அதிலும் வாளி!

"என்ன எழுதியிருக்கு அண்ணே?"

"வாளியக் கவுத்து வைக்கணுமாம்."

பிள்ளையின் சத்தத்தில் அவர் எதைக் கேட்டாரோ, தலையைப் பெரிதாக ஆட்டிவிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்றார்.

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "தண்ணி வாளியைக் கவுக்கணும்யா. எங்க கண்டாலும் ஒரு வேளை. ஆயுசு முழுக்க!"

"சரி அண்ணே. எங்க கண்டாலும் ஒரு வேளை" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தட்டிக்கொண்டே போய்விட்டார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இதற்கிடையில் என் வீட்டிலும் ஒரு பொடியன். மகளும் பேரனும் எங்களோடுதான் இருந்தார்கள். எந்த இடுக்கிலும் நுழைந்துவிடுவதால் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தான். தடுப்பூசிக்கு மகள் தூக்கிக்கொண்டு போனபோது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் கேட்டது.

"நிக்க ஆரம்பிச்சுட்டானா? அப்ப இனிமேதான் உஷாரா இருக்கணும். இந்த வயசுல தலைதான் கனம். வாளிக்குள்ள எட்டிப் பாத்தா தலைகுப்புறப் போயிடுவான், திரும்ப எழுந்துக்க வராது. சத்தமும் வராது. அப்புறம் இன்னொண்ணு. பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனா போதாது. எதிர்ல இருக்கிறவங்க, நான் பாத்துக்கிறேன்னு வாயத் திறந்து சொல்லணும். சொல்றவரைக்கும் பிள்ளை உங்க பொறுப்புதான்."

வீட்டுக்கு வந்து மகள் அதை அப்படியே சொன்னாள். "உன்ன நாங்க வளக்கலையா? நீ என்ன வாளிக்குள்ள விழுந்தா போயிட்ட?" என்றேன். அவள் முறைத்துவிட்டு, குளியலறை வாளியைக் கவிழ்த்துவைத்தாள்.

அதற்கப்புறம்தான் நாங்கள் வீடு மாறினோம். சாமான் ஏற்றிய லாரி புது வீட்டு வாசலில் வந்து நின்றதும் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். மகள் மாடிக்கு மூட்டைகளை ஏற்றும் அவசரத்தில், "அப்பா, இவனப் பாத்துக்கோங்க" என்று என் காலடியில் விட்டாள். நான் "ம்" என்றேன். சோபா வாசற்படியில் சிக்கிக்கொண்டது என்று டிரைவர் கூப்பிட்டார். போகிற போக்கில் மனைவியிடம், "இவனப் பாத்துக்கோ" என்றேன். கூடத்தில் கண்ணாடிச் சாமான் பெட்டியை யாரோ தடாலென்று போட, அவள் மாடிப்பக்கம் பார்த்து, "ஏய், பிள்ளையப் பாத்துக்கோடி" என்று கத்திவிட்டு அங்கே ஓடினாள். மகள் காதில் அது விழவில்லை. ஆக, எல்லோரும் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டோம், பாத்துக்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மகள் இறங்கி வந்து, "சுண்டெலி எங்கப்பா?" என்றாள்.

"உங்கம்மாகிட்ட."

"என்கிட்டயா? இவகிட்டல்ல சொன்னேன்" என்ற என் மனைவியின் முகம் அப்படியே வெளுத்தது. "ஐயோ, தரை துடைக்கத் தண்ணி புடிச்சேங்க... பாத்ரூம்ல... வாளி நிறைய..."

குளியலறைக்குப் போகிற நடை முழுக்கப் பெட்டிகள். பெட்டிமேல் ஏறினேன், சரிந்தேன், மறுபடி ஏறினேன். எனக்குப் பின்னால் மகள், "அப்பா, சீக்கிரம்பா, சீக்கிரம்" என்று அலறிக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தமும் வராது என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் என் தலைக்குள் ஓடியது. கடவுளே, அழ வை, அவனை ஒருதரம் அழ வை என்று கெஞ்சினேன்.

டம்.

நின்றுவிட்டேன். மறுபடி, டம். டம் டம் டம்.

கதவைத் தள்ளினேன். தரையெல்லாம் ஒரே ஈரம். நடுவில் வாளி குப்புறக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற சுண்டெலி, இரண்டு கையாலும் அதன் முதுகில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எச்சில் ஒழுகச் சிரித்துவிட்டு, இன்னும் ஓங்கித் தட்டினான். போன உயிர் எனக்கு அந்த டம் டம் சத்தத்தில்தான் திரும்பி வந்தது.

மகள் அவனை அள்ளிக்கொண்டாள். அப்போது லோடு இறக்க வந்தவர்களில் ஒருவர், நடையில் கிடந்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, வாஷிங் மெஷினைத் தள்ளிக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"பொடியன் இங்கதான் இருக்கானா? மன்னிச்சுக்கோங்க அண்ணே, தரைய ஈரமாக்கிட்டேன். மெஷின் வைக்க இடம் பாக்க வந்தேன், வாளி நெறயத் தண்ணி. கவுத்து வச்சுட்டு மெஷின எடுக்கப் போயிட்டேன்."

"யாரு... யாருய்யா உன்னக் கவுக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

நான் கோபிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "என்ன அண்ணே இப்படிக் கேக்குறீங்க? நீங்கதான சொன்னீங்க! எங்க கண்டாலும் ஒரு வேளை, ஆயுசு முழுக்கன்னு. என் பொண்ணுக்காகப் பழகினது, இப்ப எந்த வீட்டுக்கு லோடு இறக்கப் போனாலும் கை தானா போயிடுது."

அப்போதுதான் அவர் யாரென்று எனக்குப் புரிந்தது. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுகை நிற்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாமானெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கட்டும் என்று, அவரையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளினிக்குக்குப் போனேன். வாசலில் காத்திருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். இன்ஸ்பெக்டர் பிள்ளையோடு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். அவரும் சும்மா விட்டுவிட்டார், என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

நடந்ததையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும் அந்தக் குரல் காணாமல் போய்விட்டது. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் மெல்ல. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எழுதினதோட சரி. வேளை சொன்னது நீங்க. விடாம சாப்பிட்டது இவரு" என்று மூட்டைக்காரரைக் காட்டினார். அவருக்கு வாயெல்லாம் பல்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், எங்க வீட்டுல அந்தக் கண்ணாடி மேசை... அன்னிக்கே எடுத்துட்டோம். சொல்லணும்னு நினைச்சேன்." அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "எங்க வீட்டுல மாத்திரையெல்லாம் மேல் அலமாரிக்குப் போயிடுச்சு டாக்டர்" என்றாள். அப்புறம் ஒருவர், அவருக்கும் பின்னால் இன்னொருவர். அத்தனை வருஷமும் ஒருவரும் வந்து சொல்லாததெல்லாம் கதவு வழியாக வந்து விழுந்தது. டாக்டரம்மா எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்து கேட்க அவரால் முடியவில்லை.

அவர் எழுந்ததுதான் தாமதம், சுண்டெலி நழுவி இறங்கிப் போய், அந்த நீல வாளியைப் பிடித்து நின்றுகொண்டு தட்ட ஆரம்பித்தான். டம் டம் டம். அவனை நிறுத்தப்போன மகளின் கையை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார்.

"அடிக்கட்டும்மா" என்றார், பழைய குரலில். "நல்லா அடிக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."