ஆள் இல்லை என்று குறித்த ஊர்

1. டிப்ளமோ முடித்த கையோடு, ஒன்றிய அலுவலகத்தில் வரைபடம் வரையும் தற்காலிக வேலை கிடைத்தது.
2. பழைய வரைபடத்தில், புதுவாயலுக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் "ஆள் இல்லை" என்று இருந்தது. சரிபார்க்கப் போனேன்.
3. எல்லா வீடும் பூட்டியிருந்தது. ஆனால் கொடிகளில் சேலைகள் ஈரமாகத் தொங்கின.

அதனால் மர நிழலில் உட்கார்ந்து காத்திருந்தேன். மாலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஊரே அதிலிருந்து இறங்கியது. முன்பு கணக்கெடுத்தவர்கள் பகலில் வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள்.

சேலைக்கு மேல் கம்பெனி கோட்டு போட்டிருந்த ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"இன்னா மேடம், நீங்களும் பூட்டை எண்ணிக்கினு போறீங்களா? ஆள் இல்லைன்னு சொல்லித்தான் எங்களுக்குத் தண்ணி டேங்க் தரல."

"ஆளைத்தான் எண்ண வந்தேன்" என்றேன்.

"அப்ப எங்க மாமியாரை ரெண்டா எழுதிக்கோங்க. ரெண்டு பேர் பேச்சு பேசுது."

பின்னாலேயே இறங்கிய மாமியார், "இவளை எழுதாத கண்ணு, தண்ணி மிச்சமாவும்" என்றார்.

டிரைவர்கூடச் சிரித்தார். இருட்டும்வரை வீட்டுக்கு வீடு டீ குடித்துக்கொண்டே எழுதினேன்.

இப்போது அந்த ஊர் வரைபடத்தில் இருக்கிறது. டேங்க் கட்டியாகிவிட்டது. காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் வந்துவிடுகிறது.